அடுத்தவர் போனை வாரும் விளம்பரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் சரக்கைப் புகழ்வதைவிட அடுத்தவர் சரக்கைக் கிண்டல் செய்யவே அதிகம் செலவழிக்கும் ஸ்மார்ட்போன் விளம்பரங்களை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அதைத் தெரிந்துகொண்ட நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வம்பிழுப்பு எப்போது தொடங்கியது?

வேர் கணினி விளம்பரத்தில் இருக்கிறது. 2006 முதல் 2009 வரை ஆப்பிள் ஓட்டிய தொடரில் சாதாரண உடையில் ஓர் இளைஞர் "மேக்" ஆக, அதாவது ஆப்பிள் கணினியாக நிற்பார். கோட்டு மாட்டிய இன்னொருவர் "பிசி" ஆக, அதாவது விண்டோஸ் கணினியாக நிற்பார். பிசிக்கு வைரஸ் வந்து தும்மல் பிடிக்கும். பேச்சின் நடுவிலேயே உறைந்து போவார். சிரிக்காமல் பார்க்க முடியாது.

அந்தப் பாணி ஸ்மார்ட்போனுக்கு வந்தபோது அடி வாங்கியது அதே ஆப்பிள்தான். 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மோட்டோரோலா டிராய்டு போனுக்காக ஒரு விளம்பரம் வந்தது. பார்த்த மாத்திரத்தில் ஆப்பிள் விளம்பரம் என்றே தோன்றும்: வெள்ளைப் பின்னணி, துள்ளலான இசை. ஆனால் "ஐ" என்ற முன்னொட்டைக் கேலி செய்து ஒவ்வொரு வரியும் இல்லாத ஒன்றைச் சொல்லும். நிஜ விசைப்பலகை இல்லை, ஒரே நேரத்தில் பல செயலிகளை ஓட்ட முடியாது, இரவில் படம் எடுக்க முடியாது. முடிவில், டிராய்டு இதையெல்லாம் செய்யும் என்று ஒரு வரி. ஐபோன் என்ற பெயர் எங்கும் வராது. வர வேண்டிய தேவையும் இல்லை.

அதே ஆண்டு வெரைசன் நிறுவனம், அப்போது அமெரிக்காவில் ஐபோனை விற்ற ஒரே தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் 3ஜி சேவை வரைபடத்தையும் தன் வரைபடத்தையும் அருகருகே வைத்து விளம்பரம் செய்தது. ஒன்றில் நாடு முழுவதும் வண்ணம். மற்றதில் பெரும்பகுதி வெள்ளை. வெள்ளைப் பகுதியில் தங்கள் சேவையே இல்லை என்று மக்கள் நினைப்பார்கள் என ஏடி அண்ட் டி நவம்பரில் வழக்குப் போட்டது. விளம்பரம் பொய் என்பதற்காக அல்ல, உண்மை சுடுகிறது என்பதற்காகத்தான் வழக்கு என்று வெரைசன் பதில் மனுவில் எழுதியது. டிசம்பரில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

எப்போதும் சின்ன நிறுவனம்தான் பெரிய நிறுவனத்தைச் சீண்டுமா?

பெரும்பாலும் ஆம். முதலிடத்தில் இருப்பவர் இரண்டாம் இடத்தவரின் பெயரைச் சொன்னால் அவருக்கு இலவச விளம்பரம் கிடைக்கும். கீழே இருப்பவருக்கோ, மேலே இருப்பவருடன் ஒரே படத்தில் நிற்பதே பாதி வெற்றி. ஒரு விளம்பரம் யாரைக் குறிவைக்கிறது என்று பார்த்தாலே, அந்த நிறுவனம் தன்னை எந்தப் படிக்கட்டில் வைத்துப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆப்பிள் தன் போன் விளம்பரங்களில் சாம்சங்கின் பெயரை உச்சரிப்பதில்லை. 2017-இல் மற்றவர்களை ஐபோனுக்கு மாறச் சொல்லி வந்த விளம்பரத் தொடரில் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் ஐபோன். மறுபக்கம் வெறுமனே "உங்கள் போன்". பெயர் சொல்லாமல் மட்டம் தட்டுவதில் ஓர் அலட்சியம் உண்டு. திட்டுவதைவிட அது கூடுதலாக எரிச்சலூட்டும் என்று நினைக்கிறேன்.

சாம்சங் – ஆப்பிள் சண்டை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பணம் ஒரு காரணம். 2012-இல் அமெரிக்காவில் போன் விளம்பரத்துக்கு மட்டும் சாம்சங் சுமார் 40.1 கோடி டாலரும் ஆப்பிள் சுமார் 33.3 கோடி டாலரும் செலவழித்ததாகக் கணக்கிடப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு நல்ல நையாண்டிக்குப் போனது என்பது இன்னொரு காரணம்.

2011 நவம்பரில் கேலக்ஸி எஸ்2-க்கு வந்த விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய போனுக்காகக் கடை வாசலில் வரிசையில் காத்திருக்கும் கூட்டம். வழியில் போகும் ஒருவர் கையில் சாம்சங் போன். வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இதில் போனை யாரும் திட்டவில்லை. கிண்டல் முழுக்க அந்தப் போனை வாங்கக் காத்திருப்பவர் மீது. அதுதான் திருப்புமுனை. அதற்குப் பிறகு இந்தச் சண்டையில் சிப்பின் வேகமும் திரையின் அளவும் பின்னுக்குப் போய், "எந்தப் போன் வைத்திருப்பவர் எப்படிப்பட்டவர்" என்பது முன்னே வந்துவிட்டது. 2014-இல் விமான நிலையத்தில் சார்ஜ் செய்யும் இடத்தைத் தேடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐபோன்காரர்களைக் காட்டினார்கள். 2017 நவம்பரில் வந்த விளம்பரம் ஓர் இளைஞனின் பத்தாண்டுக் கதை. 2007-இல் முதல் ஐபோன் வாங்குகிறான், ஆண்டுக்கு ஆண்டு அலுத்துக்கொள்கிறான், கடைசியில் சாம்சங்கின் நோட் 8-க்கு மாறிவிட்டுக் கடை வாசலைக் கடக்கிறான். வரிசையில் நிற்கும் ஒருவரின் தலைமுடி ஐபோன் எக்ஸின் நாட்ச் (திரையின் மேல் விளிம்பில் இருக்கும் வெட்டு) வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த முடிவெட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம்.

அந்த விளம்பரங்கள் பலித்தனவா?

எதிராளியின் தூக்கத்தைக் கெடுத்தன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2014-இல் நடந்த காப்புரிமை வழக்கில் ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் நீதிமன்றத்தில் வெளிவந்தன. சாம்சங்கிடம் ஆப்பிள் தன் கவர்ச்சியை இழந்துவிட்டதா என்று 2013 ஜனவரியில் ஒரு நாளிதழ் கேட்டிருந்தது. ஆப்பிளின் சந்தைப்படுத்தல் பிரிவுத் தலைவர் பில் ஷில்லர் அந்தக் கட்டுரையைத் தங்கள் விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பி, நிலைமையை மாற்ற நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

எல்லோருக்கும் பலிக்கவில்லை. 2013 ஏப்ரலில் நோக்கியா லூமியா 920-க்கு மைக்ரோசாஃப்ட் ஒரு விளம்பரம் எடுத்தது. ஒரு திருமணத்தில் ஐபோன்காரர்களும் சாம்சங்காரர்களும் கைகலப்பில் இறங்குகிறார்கள். ஓரமாக நிற்கும் இரண்டு பணியாளர்கள் கையில் லூமியா. எல்லோரும் ரசித்தார்கள், லூமியாவை வாங்கியவர்கள் குறைவு. இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவர் நகைச்சுவை சொன்னால், பார்ப்பவர் நினைவில் நிற்பது அந்த இரண்டு பேர்தான்.

ஒப்பீட்டு அட்டவணையை எப்படி வாசிப்பது?

எந்த வரிசைகள் இருக்கின்றன என்பதைவிட எவை இல்லை என்று பாருங்கள். ஐபோன் 5 அறிவிக்கப்பட்ட 2012 செப்டம்பரில் சாம்சங் செய்தித்தாள்களில் ஓர் அட்டவணை வெளியிட்டது. இடப்பக்கம் ஐபோன் 5-க்குச் சில வரிகள். வலப்பக்கம் கேலக்ஸி எஸ்3-க்கு நீண்ட பட்டியல். பட்டியலைத் தயாரித்தவர் யாரோ அவருடைய பக்கம்தான் நீளமாக இருக்கும். இதற்கு மேதாவித்தனம் தேவையில்லை.

ஆப்பிள் இந்த ஆட்டத்துக்கு வராமலே தப்பித்துக்கொள்கிறது. ஐபோன் விளம்பரத்தில் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை எம்ஏஎச் என்று இருக்காது. எத்தனை மணி நேரம் வீடியோ ஓடும் என்றுதான் இருக்கும். எண் ஒன்றில் பின்தங்கினால் அந்த எண்ணையே சொல்லாமல் விடுவது பழைய வியாபாரத் தந்திரம். மணிக் கணக்கு வாங்குபவருக்கு உண்மையிலேயே பயன்படும் என்பதும் சரிதான்.

எண்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாகப் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். 108 மெகாபிக்சல் என்றால் ஒன்பதைச் சேர்த்து 12. இது ஏமாற்று வேலை அல்ல. மங்கலான ஒளியில் அதனால் படம் மேம்படும். ஆனால் 12-ஐயும் 200-ஐயும் எதிரெதிரே பெரிய எழுத்தில் அச்சிடுவது வேறு விஷயம். திரையின் உச்ச ஒளிர்வு என்று தரும் எண் பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதி சிறிது நேரம் எட்டும் அளவு. "வரை" என்ற சொல்லைக் கண்டால் நின்று வாசியுங்கள்: "இத்தனை மணி நேரம் வரை", "இத்தனை மடங்கு வரை". அந்தச் சொல் ஒன்றே வழக்கறிஞர்களின் மொத்தச் சம்பளத்துக்கும் ஈடு.

இன்னொன்று: எதனுடன் ஒப்பீடு? "முந்தைய மாடலைவிட வேகம்" என்றால் போன ஆண்டு மாடலா, மூன்றாண்டுக்கு முந்தையதா என்பது அடிக்குறிப்பில் எறும்பு எழுத்தில் இருக்கும்.

வேக மதிப்பெண்களை நம்பலாமா?

2013-இல் கேலக்ஸி எஸ்4 சிக்கிக்கொண்டது. ஒரு வகை மாடலில் வரைகலைச் சிப் சாதாரணமாக 480 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் குறிப்பிட்ட சில சோதனைச் செயலிகளைத் திறந்தால் மட்டும் 533-க்குத் தாவும் என்று ஓர் இணைய இதழ் கண்டுபிடித்தது. 2018-இல் ஹுவாவேயும் இதே வகைப் புகாரில் மாட்டியது. பரீட்சை ஹாலில் மட்டும் கெட்டிக்காரனாகும் மாணவன் கதைதான்.

"இந்தப் போனில் எடுத்த படம்" என்கிறார்களே, அது?

2012 செப்டம்பரில் நோக்கியா லூமியா 920-இன் அதிர்வு தடுக்கும் திறனைக் காட்ட ஒரு வீடியோ வெளியிட்டது. சைக்கிளில் போகும் பெண்ணை ஓடும் வண்டியிலிருந்து போனில் படம் பிடிப்பதுபோல் காட்சி. வழியில் ஒரு வாகனத்தின் ஜன்னல் கண்ணாடியில், வேன் ஒன்றில் பெரிய கேமராவுடன் உட்கார்ந்திருக்கும் ஒளிப்பதிவாளர் பிரதிபலித்துவிட்டார். நோக்கியா மன்னிப்புக் கேட்டது. இதில் வேதனை என்னவென்றால், அந்தப் போனின் கேமரா உண்மையிலேயே நன்றாக இருந்தது. பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

2016-இல் ஹுவாவே, பி9 கேமராவின் பெருமை பேசும் பதிவுடன் ஓர் அழகிய படத்தைப் போட்டது. படத்தின் உள்தகவலைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த பெயர் கேனான் 5டி மார்க் 3. 2018-இல் அதே நிறுவனத்தின் நோவா 3 செல்ஃபி விளம்பரத்தில் நடித்தவர் படப்பிடிப்புப் படங்களை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார்; "செல்ஃபி"யை எடுத்தது எதிரே நின்ற தொழில்முறைக் கேமரா. சாம்சங்கும் விலக்கல்ல. அதே 2018-இல் பிரேசிலில் ஏ8 போனின் செல்ஃபி என்று போட்ட படங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆயத்தப் படங்கள் என்று தெரியவந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நிலவை அருகில் காட்டும் ஜூம் விளம்பரத்தில் மயங்கி ஒரு போன் வாங்கினேன். முதல் இரண்டு இரவுகள் நிலவைப் படம் எடுத்தேன். அதன் பிறகு எடுக்கவில்லை. குழந்தை ஓடும்போது எடுத்த படங்கள் எல்லாம் கலங்கியே வந்தன. அதைப் பற்றி விளம்பரம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நேற்றுக் கேலி செய்ததையே இன்று செய்கிறார்களே?

நான் சேர்த்து வைத்திருப்பதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஹெட்போன் துளையிலிருந்து தொடங்கலாம். அடுத்த ஐபோனில் துளை இருக்காது என்று பேச்சு அடிபட்ட 2016 ஆகஸ்டில், நோட் 7 அறிமுக மேடையில் சாம்சங் அதிகாரி தங்கள் போனில் துளை இருப்பதைக் குறும்பாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். செப்டம்பரில் ஐபோன் 7 துளையில்லாமல் வந்தது. அக்டோபரில் கூகுள் தன் முதல் பிக்சல் போனுக்கான வீடியோவில் துளை இருப்பதைச் சுட்டிக் கண்ணடித்தது. சரியாக ஓராண்டில், 2017 அக்டோபரில், பிக்சல் 2-இல் துளை காணாமல் போனது. சாம்சங் தன் முதன்மைப் போன் வரிசைகளில் 2019 ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தது. நோட் 10-இல் அதுவும் கைவிட்டது. நான் மேலே சொன்ன பத்தாண்டுக் கதை விளம்பரத்தில், ஹெட்போன் மாட்ட ஒட்டுக் கம்பியை (அடாப்டரை) தேடும் காட்சி ஒன்று உண்டு. நோட் 10 வந்த கையோடு அந்த வீடியோ சாம்சங்கின் யூடியூப் பக்கத்திலிருந்து மறைந்தது.

நாட்ச் தலைமுடியும் அப்படித்தான். 2019-இல் சாம்சங்கின் விலை குறைந்த போன்களில் நீர்த்துளி வடிவ நாட்ச் வந்துவிட்டது.

சார்ஜர் விஷயம் இன்னும் வேகமாக நடந்தது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும், தங்கள் பெட்டியில் இருக்கிறது என்று சாம்சங் ஃபேஸ்புக்கில் சார்ஜரின் படம் போட்டது. ஷாவ்மியும் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துவிடவில்லை என்று சமூக ஊடகத்தில் பெருமையடித்தது. டிசம்பர் இறுதியில் ஷாவ்மி தன் மி 11 சார்ஜர் இல்லாமலும் விற்பனைக்கு வரும் என்று சீனாவில் அறிவித்தது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 சார்ஜர் இல்லாமல் வந்தது. அதற்கு முன்பே அந்த ஃபேஸ்புக் பதிவு நீக்கப்பட்டிருந்தது.

ஒரு போன் உருவாகப் பல மாதங்கள் ஆகும். கேலி எழுத ஒரு மாலைப்பொழுது போதும். சார்ஜரைக் கேலி செய்து பதிவு போட்டபோது எஸ்21 முடிவுகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும்; விளம்பரப் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லியும் அவர்கள் கவலைப்படவில்லை.

பெயர் சொல்லி ஒப்பிடுவது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் உண்மையாக இருந்தால் பெயர் சொல்லலாம். அது வாங்குபவருக்கு நல்லது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1979-இலேயே கொள்கை வகுத்தது. ஐரோப்பாவில் ஜெர்மனி போன்ற நாடுகள் நெடுங்காலம் இதை ஏறக்குறையத் தடுத்தே வைத்திருந்தன. 1997-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, சரிபார்க்கக்கூடிய அம்சங்களை ஒப்பிட வழிவிட்டது. சீனாவின் விளம்பரச் சட்டம் அடுத்தவர் பொருளை இழித்துப் பேசுவதைத் தடை செய்கிறது. அதனால் அங்கே போன் அறிமுக மேடைகளில் போட்டியாளரைக் குறிக்க "நட்பு நிறுவனம்" என்ற பொருள் தரும் ஒரு சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. நண்பர் என்று விளித்துக்கொண்டே அவர் போனைக் கிழிப்பார்கள். இந்திய நீதிமன்றங்கள் வைத்திருக்கும் கோடு எளிமையானது: உன் பொருள்தான் உலகிலேயே சிறந்தது என்று நீ பீற்றிக்கொள்ளலாம், அடுத்தவர் பொருள் மோசம் என்று சொல்லக் கூடாது. 2025-இல் ஷாவ்மி இந்தியாவில் தன் 15 அல்ட்ராவை ஐபோன் 16 ப்ரோ மேக்ஸுடன் ஒப்பிட்டு, ஏப்ரல் முதல் தேதியன்று முட்டாள்கள் தினக் கிண்டலோடு முழுப்பக்க விளம்பரம் போட்டது. இதுபோன்ற விளம்பரங்களுக்காக ஆப்பிளும் சாம்சங்கும் ஷாவ்மிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாகச் செய்தி வந்தது.

தன் போனைப் பற்றி மிகைப்படுத்தியதற்கும் தண்டனை உண்டு. நீச்சல் குளத்திலும் கடலிலும் கேலக்ஸி போன்கள் முங்கி எழும் விளம்பரங்களுக்காக, 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீர் புகாத் தன்மையை ஆய்வகத்தில் சோதிப்பது நன்னீரில். கடலிலும் நீச்சல் குளத்திலும் நனைந்த போனைச் சார்ஜ் செய்தால் அதன் சார்ஜ் துளை அரித்துப்போகலாம். 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கும் இதே போன்ற காரணத்துக்காக 1 கோடி யூரோ அபராதம் போட்டது.

நீதிமன்றமே ஒரு நிறுவனத்தை விளம்பரம் போட வைத்ததாமே?

உண்மை. சாம்சங்கின் டேப்லெட் ஐபேடின் வடிவமைப்பைக் காப்பியடிக்கவில்லை என்று 2012-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை ஆப்பிளே தன் இணையதளத்திலும் பத்திரிகைகளிலும் வெளியிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சாம்சங்கின் டேப்லெட்டுக்கு ஆப்பிளின் அளவுக்குக் கவர்ச்சி இல்லை என்று நீதிபதி தீர்ப்பில் எழுதியிருந்தார். அந்த வரியையே மேற்கோள் காட்டி ஆப்பிள் அறிவிப்பை எழுதியது! மேல்முறையீட்டு நீதிமன்றம் கோபித்துக்கொண்டு அறிவிப்பைத் திருத்த வைத்தது.

போட்டி நிறுவனத்தைத் திட்டிக் கருத்து எழுத ஆள் வைப்பார்களா?

வைத்ததற்குத் தண்டனை பெற்றவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் தங்களைப் புகழ்ந்தும் எச்டிசியின் போன்களைத் தாழ்த்தியும் எழுதக் கூலிக்கு ஆள் வைத்ததற்காக, 2013-இல் தைவானின் நியாய வணிக ஆணையம் சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம் விதித்தது. கேலி விளம்பரத்தில் குறைந்தபட்சம் யார் பேசுகிறார் என்று தெரியும். இதில் அதுவும் கிடையாது.

கேலி செய்யும் நிறுவனமே எதிராளிக்குப் பாகம் விற்கிறதா?

ஆம். 2017-இல் சாம்சங் ஐபோன் எக்ஸைக் கிண்டல் செய்தபோது, அந்தப் போனின் ஓஎல்இடி திரையைச் செய்துகொடுத்தது சாம்சங்கின் திரைப் பிரிவு. நாட்ச் உள்ள அதே திரை.

விளம்பரத் தூதர்கள் அந்தப் போனைத்தான் பயன்படுத்துகிறார்களா?

ட்விட்டர் தன் பதிவுகளுக்கடியில் எந்தக் கருவியிலிருந்து எழுதப்பட்டது என்று காட்டிய காலத்தில் இதற்கு விடை சுலபமாகக் கிடைத்தது. 2019 புத்தாண்டு வாழ்த்தை ஹுவாவேயின் அதிகாரப்பூர்வக் கணக்கு ஐபோனிலிருந்து அனுப்பியது. பொறுப்பான இருவருக்குப் பதவியும் சம்பளமும் குறைக்கப்பட்டன. ஆப்பிள் விளம்பரத்தில் "மேக்" ஆக நின்ற நடிகர் ஜஸ்டின் லாங் பின்னாளில் ஹுவாவே போனுக்கும், 2021-இல் மேக்கைக் கிண்டல் செய்து இன்டெலுக்கும் நடித்தார். அது அவர் தொழில். குறை சொல்ல மாட்டேன்.

சரி, வாங்கும் முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் வாங்க நினைக்கும் நிறுவனம் இரண்டாண்டுக்கு முன் வெளியிட்ட கேலி விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். நிறுவனம் நீக்கியிருந்தாலும் யாராவது பதிவேற்றி வைத்திருப்பார்கள். அதில் எதிராளியிடம் இல்லை என்று சிரித்த அம்சம், இன்று நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கும் போனில் இருக்கிறதா என்று பெட்டியின் பின்பக்கத்தில் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.